நூலகம் அனுப்பிய தபாலட்டை

1

ஈச்சங்கேணி வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு,

உங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதும்படி கேட்டு நீங்கள் போட்ட கடிதம், கொழும்பு சுற்றி, இரண்டு மாதம் கழித்து என் கைக்கு வந்தது. கம்ப்யூட்டரை நேரில் பார்த்தீர்களா, அது பேசுமா என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். பேசாது. ஆனால் அதற்குப் பயந்து ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் ரீச்சர் திருத்தட்டும்.

இந்த ஆவணியோடு நாங்கள் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து ஒன்பது வருடம். வள்ளத்தால் கரையில் இறங்கும்போது என் மகள் வதனிக்கு எட்டு வயது. இப்போது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இங்கே பிளஸ் டூ என்பார்கள். அந்தப் பரீட்சையில் எடுக்கும் புள்ளிதான் பிறகு எல்லாக் கதவையும் திறக்குமாம். நான் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் பார்சல் கட்டுகிறேன். மனைவி மனோ அபிராமபுரத்தில் சுந்தரம் சார் என்பவர் வீட்டில் சமைக்கிறாள். அந்த வீட்டின் பின்பக்கத்து அறையில்தான் இந்த ஐந்து மாதமாக நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். அதற்கு முன்னே கடற்கரையோரம் கொட்டிவாக்கத்தில் இருந்தோம்.

வீட்டுக்குள் வதனி எங்களைப்போலக் கதைப்பாள். கேற்றைத் தாண்டினால் சென்னைப் பிள்ளை. சிநேகிதியிடம் “இன்னாடி, போலாமா?” என்று அவள் கேட்பது காதில் விழுந்தால், யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு. நான் வாயைத் திறந்தால் கடைக்கு வருகிறவர்கள் “கேரளாவா?” என்கிறார்கள். ஒன்பது வருடமாக அதே கேள்வி. காய்கறி வாங்கப் போனால் அவள் என்னைவிட நாலடி முன்னால் நடப்பாள். விலை கேட்கிற இடம் வந்தால் மெதுவாகச் சொல்லுவாள்: “நீங்கள் கதையாதேங்கோ அப்பா, விலையைக் கூட்டிப் போடுவாங்கள்.” சொல்வது உண்மைதான். ஆனாலும் அன்று முழுக்க அது மனதில் கிடந்து உறுத்தும்.

2

மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு அரசாங்க நூலகம் இருக்கிறது. கீழே சாய்வு மேசைகளில் பத்திரிகை விரித்து வைத்திருப்பார்கள். நின்றுகொண்டேதான் வாசிக்க வேண்டும்; உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார்களாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி அறை, தாழ்ந்த மேசை. அதற்கெல்லாம் யாரும் போகலாம், எவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

மாடியில் இந்த வருடம் அரசாங்கம் புதிதாக ஒரு அறை திறந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர் மெஷின், ஆறு கம்ப்யூட்டர். தொட்டால் உதிர்கிற பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து ஒரு கண்ணாடிப் பெட்டிமேல் கவிழ்த்து வைக்கிறார்கள். பெட்டிக்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு வெளிச்சம் ஓடும். ஓடி முடிய அந்தப் பக்கம் அப்படியே டிவி போன்ற திரையில் வந்து நிற்கும். புத்தகத்தைத் திரும்பக் கட்டி வைத்துவிடலாம். யாரும் அதைத் தொடத் தேவையில்லை. ஊர்ப்பெயரோ, ஆள்பெயரோ, புத்தகத்தின் பெயரோ அடித்தால் எங்கே இருக்கிறது என்று தேடியும் தருமாம். பிளஸ் டூவின் பழைய கேள்வித்தாள்கள் முழுவதையும் அதில் ஏற்றியிருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் மாணவருக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம். ஆனால் அந்த அறைக்கு மட்டும் உறுப்பினர் அட்டை வேண்டும்.

வதனியின் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் டியூஷன் போகிறார்கள். அவளுக்கு அந்த அறைதான் டியூஷன். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து அதைப் பிடித்துப் படித்தால் போதும் என்று வீட்டில் ஒரே கதை.

முதல்நாள் பார்க்கப் போனபோது வாசலில் இருந்த ஊழியர் வேலு எங்களை நிறுத்தினார்.

“செருப்ப அங்க வுடு சார். தூசி பட்டா மெஷினு படுத்துக்கும்.”

கோயிலுக்குப் போகிறவன்போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே ஐந்து பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தார்கள். ஆறாவது கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரை காலியாக இருந்தது. வதனி அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

3

பிள்ளைகளே, இனி என் பிழை.

முகாமுக்கு வெளியே இருக்கிற எங்களைப் போன்ற அகதிகள் போலீசில் பெயர் பதிய வேண்டும். வீடு மாறினால் உடனே போய்ச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. புது வீட்டுக்காரரின் கடிதம் இருந்தால்தான் பதிவார்கள். “போலீசுக்கெல்லாம் நான் எழுதித் தரமாட்டேம்ப்பா, நாளைக்கு என்னைக் கூப்பிடுவான்” என்று சுந்தரம் சார் முதலிலேயே சொல்லிவிட்டார். இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று ஐந்து மாதம் போய்விட்டது. பிந்தப் பிந்தப் போகவும் பயம். பதியாமல் இருந்த ஒரு குடும்பத்தைத் திரும்ப முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். ஜீப் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற சணல் முடிச்சு தானாக அவிழும்.

நூலகத்தில் விண்ணப்பத்தை வாங்கி வதனி தன் கையாலேயே நிரப்பினாள். விலாசம் என்ற இடத்தில் ‘அபிராம’ என்று தொடங்கப் பேனாவை வைத்தபோது நான் அவள் கையைப் பிடித்தேன்.

“கொட்டிவாக்கம் எண்டு எழுது.”

“நாங்கள் இப்ப அங்க இல்லையே அப்பா.”

“போலீசில இருக்கிறது கொட்டிவாக்கம். அரசாங்கக் கடுதாசி ரெண்டில ரெண்டு விலாசம் இருந்தா வில்லங்கம்.”

“இது பொய்யெல்லோ?”

“எழுதெண்டா எழுது பிள்ளை.”

எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள். மேசையில் இருந்த நூலகர் அம்மா அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் எங்கள் பெயர் ஏறியது. காகிதம் என்றால் ஒரு அலுமாரிக்குள் கிடக்கும். இது அரசாங்கக் கம்ப்யூட்டர். போலீசும் அரசாங்கம். ஒரு கம்பி வழியாக அங்கேயும் போய் நிற்காதா?

“ஒரு வாரத்துல வீட்டுக்குத் தபாலட்டை வரும்” என்றார் நூலகர் அம்மா. “அதைக் கொண்டுவந்து காட்டினா உறுப்பினர் அட்டை. எல்லாருக்கும் அப்படித்தான். அட்ரஸ் சரிதானான்னு பாக்கறதுக்கு.”

வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ‘சரி அம்மா’ என்றேன்.

4

ஒரு வாரம் என்றார்கள்; இரண்டு கிழமை போனது. தபாலட்டை எங்கே வரும்? நாங்கள் இல்லாத வீட்டுக்கு.

கடையில் என்னோடு பார்சல் கட்டுகிற துரையிடம், கம்ப்யூட்டரில் ஏற்றிய பெயரை யாராவது அழிக்க முடியுமா என்று பட்டும் படாமல் விசாரித்தேன்.

“அழிக்கவே வேணாம் நைனா” என்றான் துரை. “ரெண்டாயிரம் பொறந்தா அல்லா கம்ப்யூட்டருக்கும் மண்ட கொழம்பிடுமாம். பேரு, அட்ரஸு, அல்லாம் பூடுமாம். பேப்பர்ல போட்டுக்கீறான்.”

இரண்டாயிரம் பிறக்க இன்னும் நாலு மாதம் இருந்தது. உலகம் முழுவதும் அதைச் சொல்லிப் பயந்துகொண்டிருந்தது. நான் மட்டும் அது நடந்தால் நல்லது என்று இருந்தேன். நாலு மாதம் தள்ளிவிட்டால் போதும். ஆனால் வதனியின் பரீட்சை அதற்குப் பிறகு இரண்டே மாதத்தில்.

வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. சனிக்கிழமை காலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மனோதான் என்னைப் பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ, அவளின்ர சிநேகிதப் பிள்ளைக்கு அட்டை வந்திட்டுதாம். கொட்டிவாக்கம் போய் எடுத்துக்கொண்டு வாங்கோவன்.”

போனேன். பழைய வீட்டுக்காரி அஞ்சலை அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தா.

“அட்டையா? வந்துச்சே!” என்றா. “வதனின்னு யாராச்சும் கீறாங்களான்னு தபால்காரரு கேட்டாரு. காலி பண்ணிக்கினு பூட்டாங்கன்னேன். அவரும் இன்னாவோ எழுதி எடுத்துக்கினு பூட்டாரு. ஏன், பொய் சொல்லணுமா நானு?”

“இல்லை அக்கா, இல்லை” என்றேன். அவ சரியாகத்தான் செய்திருக்கிறா. பிழையாகச் செய்தவன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அட்டை நூலகத்துக்கே திரும்பியிருக்கிறது. இனிப் போகாமலே விட்டுவிடலாம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். போகாவிட்டால் அங்கே ஒரு பொய் விலாசம் வதனியின் கையெழுத்தோடு கிடக்கும். என் பயத்துக்கு அவள் கையெழுத்தைப் பிணை வைத்துவிட்டேன். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5

அடுத்த சனிக்கிழமை இருவரும் நூலகத்துக்குப் போனோம். நூலகர் அம்மாவின் மேசையில் அந்தத் தபாலட்டை கிடந்தது. மேலே சிவப்பு மையில் ‘ஆள் இல்லை’.

“இது உன் கையெழுத்துதானேம்மா?” என்று விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார்.

“ஆமா மேடம்.”

“அங்க நீங்க இல்லைன்னு வந்திருக்கே?”

வதனி நிலத்தைப் பார்த்தாள். ‘அப்பா சொன்னார்’ என்ற இரண்டு சொல்லைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் பத்திரிகையை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். வதனியின் காது மடல் சிவந்துபோனது.

“நான்தான் அம்மா எழுதச் சொன்னது” என்றேன். “பிள்ளை மாட்டன் எண்டுதான் சொன்னவள்.”

பிறகு எல்லாம் சொன்னேன். எங்கிருந்து வந்தோம், எப்போது வீடு மாறினோம், ஏன் பதியவில்லை, எல்லாம். கடைசியில் கேட்டேன்: “அம்மா, இந்தக் கம்ப்யூட்டரில இருக்கிறது போலீசுக்குப் போகுமோ?”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“சார், இந்தக் கம்ப்யூட்டர் அடுத்த ரூம் கம்ப்யூட்டரோடயே பேசாது. இதுலேர்ந்து அதுக்கு ஏத்தணும்னா பிளாப்பியை எடுத்துண்டு நான்தான் நடக்கறேன்.”

வேலு தூரத்தில் இருந்தே சொன்னார்: “அதுவும் மேடம் நடந்தாதான். மேடம் லீவுன்னா அதுவும் லீவு.”

நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. ஒரு மாதப் பயம் ஒரு வசனத்தில் போய்விட்டது, ஆனால் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஆனா பொய் அட்ரஸுக்கு நான் கார்டு தரமாட்டேன்” என்றார் அவர், சிரிப்பை நிறுத்திவிட்டு. “ஆளைப் பிடிக்கறதுக்காக நான் தபால் அனுப்பலை சார். போற புத்தகம் திரும்பி வரணுமே, அதுக்காக. வீட்டுக்காரர்கிட்ட இருக்கற இடத்தைச் சொல்லி ஒரு கடிதம் வாங்கிண்டு வாங்கோ. மாசக் கடைசிக்குள்ள. சனிக்கிழமை நேரமெல்லாம் நிரம்பிண்டு வருது.”

புது விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். வதனி அதை எடுத்து என் முன்னால் தள்ளினாள்.

“இந்த முறை நீங்கள் எழுதுங்கோ.”

எழுதினேன். பார்சலில் கடைவிலாசம் எழுதிப் பழகிய கைதான், ஆனால் ‘அபிராமபுரம்’ என்ற ஒரு சொல்லுக்கு மூன்று தரம் பேனாவை எடுத்தேன்.

6

சுந்தரம் சாரிடம் மனோ கேட்டாள்.

“லைப்ரரிக்கா? அதுக்கென்ன, டைப் அடிச்சே தரேன்” என்றார். பழைய டைப் மெஷினைத் தூசி தட்டி, கார்பன் தாள் வைத்து, இரண்டு பிரதி எடுத்தார். போலீசுக்கு மறுத்தவர் நூலகத்துக்கு இரண்டாகத் தருகிறார்! இரண்டாவது பிரதியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். ஆனால் இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை. “சார், இதைப் போலீசுக்கும் காட்டவேண்டி வரும்” என்றேன். அவர் தாளைத் திரும்ப வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார்.

“இதுல நான் எழுதினது எல்லாம் நெஜம்தானே?”

“ஓம் சார்.”

“அப்போ காட்டிக்கோ” என்று கார்பன் பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனுக்கு வதனியும் வந்தாள். வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஏட்டையா பதிவேட்டைப் புரட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அஞ்சு மாசமா எங்க இருந்தே?”

“இஞ்சதான் ஐயா.”

“எங்க ரிஜிஸ்டர்ல நீ கொட்டிவாக்கத்துல இருக்கே. ஒரே ஆளு ரெண்டு எடத்துல இருப்பியா? திருப்பி முகாமுக்கு அனுப்பிட்டா என்ன பண்ணுவே?”

வதனிதான் பேசினாள், வெளியில் பேசுகிற பேச்சில்.

“லேட்டா வந்தது தப்புதான் சார். ஆனா யாரும் புடிச்சிக்கினு வரலையே. நாங்களேதான் வந்து சொல்றோம்.”

“இந்த லெட்டர் லைப்ரரிக்குன்னு போட்டிருக்கு?”

“அட்ரஸ் ஒண்ணுதானே சார். லைப்ரரிக்கு ஒரு வீடு, போலீசுக்கு ஒரு வீடுன்னா இருக்கும்?”

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் மீசைக்குள் சிரித்தார்.

“வாயப் பாரு. எந்த ஊரும்மா நீ?”

“அபிராமபுரம் சார்.”

அவள் யோசிக்கவே இல்லை. கேட்ட உடனே வந்தது. அந்தச் சொல் எங்களைக் காப்பாற்றியது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அது என் நெஞ்சில் குத்தியது. என்ன எதிர்பார்த்தேன்? போலீஸ் மேசையில் வைத்து அவள் ஈச்சங்கேணி என்று சொல்ல வேண்டும் என்றா? எனக்கே தெரியவில்லை.

ஏன் பிந்தியது என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தந்தேன். பிறகு மூன்று தரம் அலைய வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் இல்லை, முத்திரை இல்லை, திங்கட்கிழமை வா. நாலாம் தரம் புது விலாசத்தைப் பதிந்து, ‘இனி மாறினா அடுத்த நாளே வரணும்’ என்று சொல்லி விட்டார்கள். வாசலுக்கு வந்து நான் ஒரு ஓரமாகக் குந்திவிட்டேன். வதனி தண்ணீர் வாங்கி வந்து தந்தாள்.

7

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கத் தபாலட்டை அபிராமபுரத்துக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை அதைக் காட்டி உறுப்பினர் அட்டையை வாங்கிய உடனேயே வதனி செருப்பைக் கழற்றினாள். நானும் கழற்றப் போனேன்.

“நீ எங்க சார்? மெம்பருக்கு மட்டும்தான்” என்றார் வேலு.

வெளியில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு உள்ளே அவள் முதுகும் பின்னலும் மட்டும் தெரிந்தன. திரையில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. போலீசைப் பற்றிய பயம் போய், அவள் என்ன பார்க்கிறாளோ, இனி எவ்வளவு தூரம் போவாளோ என்று வேறொரு பயம் தொடங்கியிருந்தது. சரியாக ஒரு மணி நேரத்தில் வேலு கதவைத் தட்டினார்.

கோயில் குளக்கரையோரமாகப் பஸ்ஸுக்கு நடந்தோம்.

“என்ன பாத்தாய்?”

“பிசிக்ஸ் கேள்வித்தாள், நாலு வருசத்தின்ர.”

“வேற?”

நாலடி முன்னால் போகவில்லை, பக்கத்திலேயே வந்தாள்.

“கடைசிப் பத்து நிமிசம் ஈச்சங்கேணி எண்டு அடிச்சுப் பாத்தன்.”

நான் நின்றுவிட்டேன்.

“என்ன வந்தது?”

“ஒண்டும் வரேல்லை. எந்தப் புத்தகத்திலயும் இல்லையாம்.”

“உனக்கு ஊர் நினைவிருக்கோ?”

“எட்டு வயசில வந்தனான் அப்பா, பிறந்த உடனயே இல்லை” என்றாள் சுள்ளென்று. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “வகுப்பில இருக்கேக்க கடல் சத்தம் கேட்டது எனக்கு நினைவிருக்கு. ஆனா அது ஈச்சங்கேணிப் பள்ளிக்கூடமோ, கொட்டிவாக்கத்துப் பள்ளிக்கூடமோ எண்டு தெரியேல்லை. எதப்பா?”

நானும் ஈச்சங்கேணிப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் இருந்தவன். காற்று எந்தப் பக்கத்தால் வரும், யன்னல் எந்தப் பக்கம் பார்க்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கொட்டிவாக்கத்துச் சத்தம்தான் காதில் நின்றது.

“கேட்டுச் சொல்லுறன்” என்றேன்.

அதனால் பிள்ளைகளே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் பள்ளிக்கூட வகுப்பில் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். கடல் கேட்கிறதா? கேட்டாலும் எழுதுங்கள், கேட்காவிட்டாலும் எழுதுங்கள். கவரின் பின்புறத்தில் எங்கள் விலாசத்தை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நாங்கள் அங்கேதான் இருக்கிறோம்.